போதகருக்கு எதற்குத் தத்துவம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊழியத்துக்கு அழைப்பு இருந்தால் போதும், பல்கலைக்கழகத்துக்குப் போய் மதங்களையும் தத்துவத்தையும் படித்தால் உள்ள விசுவாசமும் ஆட்டம் கண்டுவிடும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முப்பது வருடம் பிரசங்க மேடையில் நின்றவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

ஆட்டம் காணும் என்பது உண்மைதான். முதலாண்டு கிரேக்க வகுப்பில் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். எட்டாம் வசனத்தோடு ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டார். நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் அதற்கு மேல் இல்லை. 9 முதல் 20 வரை பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு என்றார். ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த வசனம் அந்தப் பன்னிரண்டில்தான் இருந்தது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் அந்த அடி வகுப்பில், திருப்பிக் கேட்க ஓர் ஆசிரியர் எதிரில் இருந்தபோதே விழுந்தது நல்லதாயிற்று. இன்று பதினாறு வயதுப் பையன் இதையே கைபேசியில் படித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கேட்கிறான். அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படும் போதகர் பெரும்பாலும் கோபப்படுவார்.

தத்துவத்துக்கு ஒரு மருத்துவமனை வழியாக வருகிறேன். இறையியல் மாணவர்களுக்கு மருத்துவமனையில் பயிற்சி தரும் முறையை 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் நடத்தத் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்து மீண்டவர். நோயாளியிடம் பேசியதைச் சொல்லுக்குச் சொல், இடையில் இருந்த மௌனம் உட்பட, எழுதி வருவது இந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் பேசிவிட்டு நானும் எழுதிக் கொண்டுபோனேன். 'எனக்கு ஏன் இப்படி?' என்று அவர் கேட்டது ஒரு வரி. என் பதில் பதினோரு வரி. பயிற்சியாளர் பதினொன்றையும் பென்சிலால் வளைத்து, ஓரத்தில் 'இது யாருக்காக?' என்று எழுதினார்.

கடவுள் நல்லவரென்றால் தீமை ஏன் என்பதற்குப் பழங்காலத் திருச்சபையின் அகஸ்டின் தொடங்கி, இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்ற ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் வரை சொன்னதை அதற்கு முன்பே வகுப்பில் அலசியிருந்தோம். எது எங்கே இடிக்கும் என்றும் பார்த்திருந்தோம். அந்தத் தாயிடம் நான் ஒப்பித்தது லைப்னிட்ஸில் தண்ணீர் கலந்ததுதான் என்பது தாளைப் பார்த்ததும் உறைத்தது. தத்துவம் படிக்காதிருந்தால் அதையே வேதவாக்காக எண்ணி ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

பிற மதங்களைப் பற்றிய பாடம்? அந்தந்த மதத்தார் எழுதியதைப் படித்தால் பயன் உண்டு. எங்களுக்கு எதிர்வாதக் குறிப்புகள்தான் கிடைத்தன.

கட்டுரையாளர் தொட்டிருக்க வேண்டிய குறை வேறு. ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811இல் இறையியல் படிப்புக்கு வரைந்த திட்டத்தில் நடைமுறை இறையியலை, அதாவது சபை ஊழியத்தைச் செய்யும் விதம் பற்றிய பாடத்தை, படிப்பின் கிரீடம் என்றார். கிரீடம் என்றதால் எல்லாரும் அதைக் கடைசியில் வைத்துவிட்டார்கள் போலும்! அடக்க ஆராதனை நடத்துவது பற்றி எங்களுக்குக் கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு பிற்பகல்தான் ஒதுக்கினார்கள். என் முதல் அடக்கத்தில் இறந்தவர் பெயரையே மாற்றிச் சொன்னேன். மருத்துவமனைத் தாள்களை முதலாண்டிலேயே எழுத வைக்கட்டும். தத்துவ வகுப்பில் தூங்குகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போதகர் ஒருவர்