முத்துநகர் என்கிற பேர்

அன்புள்ள பாப்பா,

உன் பாட்டுக் குழுவுக்கு 'முத்துநகர்' என்று பேர் வைக்கப் போவதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே, "அப்பா, அந்தப் பேரில் பேக்கரி இருக்கு, லாரி சர்வீஸ் இருக்கு, ஊரிலேயே ஒரு கச்சேரிக் குழுவும் இருக்கு, விட்டுடவா?" என்று கேட்டாய். போனில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விட வேண்டாம்.

கொற்கை காலம்தொட்டு முத்துக் குளித்த கடற்கரை, அதனால் தூத்துக்குடிக்கு வந்த பேர் அது. முத்துக் குளிப்பது ஓய்ந்த பிறகும் பேர் ஓயவில்லை. எழும்பூரிலிருந்து ராத்திரி ஊருக்குப் புறப்படும் ரயிலுக்கே அந்தப் பேர்தானே! பிழைக்க வந்த இடத்தில் கடை போடுகிறவர்கள் ஊர்ப் பேரை ஏன் எழுதுகிறார்கள் என்பதை நம் தெருமுனை அண்ணாச்சி கடையில் தினமும் பார்க்கிறேன். சீனி வாங்க வந்த புது ஆள் பலகையை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார். "அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம், ஏரலா, சாயர்புரமா?" என்பார். அவ்வளவுதான், அடுத்த மாத மளிகைச் சிட்டையும் அங்கேதான் வரும். அந்தப் பேரை எழுத அண்ணாச்சி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க ஒரு ஆளும் கிடையாது.

தம்புச் செட்டித் தெருவில் டிரேட்மார்க் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஊரைக் குறிக்கும் பேரை மட்டும் தனியாகக் கேட்டு விண்ணப்பித்தால், 1999-ஆம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபணை வரும். பல காலம் புழங்கி, அந்தப் பேரைச் சொன்னாலே அந்த ஒரு நிறுவனம்தான் என்று ஜனங்களுக்கு ஆகிவிட்டதை நிரூபித்தால் கதை வேறு. அப்புறம், சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்பாகப் பிரிந்து கிடக்கின்றன. பேக்கரிப் பண்டம் 30, லாரி 39, கச்சேரி 41. பேக்கரிக்காரருக்கும் உனக்கும் சாதாரணமாக வழக்கு வராது. மதுரை மல்லிக்கு 2013-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் கிண்டி அலுவலகத்தில் கிடைத்த புவிசார் குறியீடு வேறு சங்கதி. அது அந்தந்தப் பகுதியில் அந்தப் பொருளை விளைவிப்பவர்கள், செய்பவர்கள் எல்லோருக்கும் பொது.

சங்கீதக்காரர்களைப் பார். மதுரை மணி ஐயர், மதுரை சோமு, மதுரை டி.என்.சேஷகோபாலன். எம்.எஸ். அம்மாவின் முதல் எழுத்தும் மதுரைதான், அடுத்தது அவர் தாயார் சண்முகவடிவு. ஒரே ஊர்ப் பேரைச் சுமந்தவர்கள், ஆனால் மணி ஐயரின் ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு யாரும் சோமு என்று சொன்னதில்லை. ஊர்ப் பேரோடு தன் பேரையும் சேர்த்தார்கள், பிறகு பாட்டால் அதை நிலைநாட்டினார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம்.

உனக்கு உண்மையில் இடறுவது அந்தக் கச்சேரிக் குழு ஒன்றுதான். அவர்களும் 41-ஆம் வகுப்பு, அவர்களும் மேடை ஏறுகிறவர்கள். உன்னை அழைப்பதாக நினைத்து ஒருவர் அவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். முன்னால் வந்தவர்கள் அவர்கள், அந்த மரியாதையை நீதான் கொடுக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் என்று உன் சிநேகிதி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அவர்களுக்கு நீயே போன் போட்டுப் பேசு. நம்ம ஊர்ப் பிள்ளைகள், பேசினால் புரிந்துகொள்வார்கள்.

'முத்துநகர்' என்பதோடு உங்கள் குழுவை மட்டுமே காட்டும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள். அம்மாவின் பேரைச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதம், அவளிடம்தானே முதல் பாட்டைக் கற்றாய். முடிவு செய்ததும் லோகோவோடு அனுப்பு. டிரேட்மார்க் பதிவுக்கு விண்ணப்பிக்கும் டிஎம்-ஏ படிவத்தை நானே பூர்த்தி செய்து வைக்கிறேன், நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா