செவ்வாய்க்கிழமை லொறியை ஏன் நிறுத்தினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்திலிருந்து யாழ்ப்பாணத்து மரக்கறியும் சின்ன வெங்காயமும் எங்கள் கடைக்குச் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் வரும். போன செவ்வாய் வழக்கம்போல வந்து, வெறும் கூடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள் சிலர். கல்லாவில் நின்றபடி இரண்டு வசனத்தில் காரணம் சொல்ல எனக்கு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எங்களிடம் வாங்கும் வெங்காயம், பீற்றூட், கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில் விளைந்தவை. இணுவில் பக்கம், செம்மண் தறை, 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். அந்தத் தோட்டத்து ஐயாவுக்கு 76 வயது, அவர் மனைவி அம்மாவுக்கு 71. பதினொரு வருடமாக அவர்களிடம் வாங்குகிறோம். தொலைபேசியில் தினமும் பேசினாலும், இந்த ஆடியில்தான் முதன்முறையாக மூன்று நாள் அவர்கள் வீட்டில் தங்கினேன்.

விடிய நாலரைக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம் கேட்டு எழும்பினேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் எல்லாத் தோட்டமும் பிழைக்கிறது. ஐயா மெசினடியில் நிற்கிறார். அம்மா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றுகிறார். முன்பு இது ஐயாவின் வேலை. வைகாசியில் வாய்க்கால் வரம்பில் வழுக்கி விழுந்து முழங்கால் நோவெடுத்த பிறகு இருவரும் இடம் மாறிவிட்டார்கள். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெயில் ஏறியதும் பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும். அப்புறம் அம்மா ஆடுகளுக்குக் குழை ஒடிக்கப் போய்விடுவார். ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வருவார். மத்தியானச் சோற்றோடு அன்றைய செய்தி பற்றிய இருவரின் வாக்குவாதம் தொடங்கும். நான் அந்த வீட்டில் மிகவும் விரும்பியது அந்த நேரத்தைத்தான்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனது. அந்தக் காசில்தான் ஐயா முதல் மெசினை வாங்கினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. "வெளிவெங்காயம் வரட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. எங்கடை அறுவடை முடிஞ்ச பிறகு வரட்டுமன்" என்பது அவருடைய ஒரே கோரிக்கை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பசளை விஷயத்தில் இருவரும் ஒத்துப்போவதில்லை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்துவிட்டாலும் அந்தப் போக விளைச்சல் போனது போனதுதான். ஐயாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மா வேறு கணக்குப் பார்க்கிறார். இணுவில் இருக்கிற வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்லி வருவது அவருக்குத் தெரியும். "வெங்காயத்துக்குப் போடுறது கிணத்துக்குத்தானே இறங்குது. அந்தத் தண்ணியைத்தானே நாங்களும் குடிக்கிறம்" என்கிறார். இப்போது பூவரசங்குழையை மண்ணுக்குள் தாழ்த்தி, ஆட்டெரு போட்டு, யூரியாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே பசளையே போடாத மரக்கறி என்று நான் உங்களிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். குறைத்துப் போட்டது என்பதுதான் உண்மை.

விலையைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். பேலியகொடை மெனிங் மொத்தச் சந்தையில் வெங்காயம் மலிந்திருக்கும்போது எங்கள் விலை கூடவாகவும், அங்கே ஏறும்போது எங்களுடையது குறைவாகவும் இருப்பது உண்மை. நடுகைக்கு முன்பே அவர்களோடு பேசி ஒரு விலை வைத்துவிடுகிறோம். அறுவடை வரை அதை மாற்றுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டு 90 கிலோவுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாங்கள் தராசு காட்டுகிற நிறைக்கே காசு கொடுக்கிறோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனபோது மட்டும் பேசிய விலையை நாங்களாகவே உயர்த்தினோம். மெசின் ஓடினால்தானே பயிர்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு லொறி என்றால் இரண்டு முறை பிடுங்க வேண்டும், காயவிட வேண்டும், பிடியாகக் கட்ட வேண்டும், சாக்கில் அடைந்து வதங்காமல் பெட்டியில் அடுக்க வேண்டும். 400 கிலோமீற்றர் வர வேண்டிய சரக்கு. "காயவிடாமல் கட்டினால் வழியிலையே அவிஞ்சு போகும், பிள்ளை" என்று அம்மா ஒவ்வொரு பிடியையும் திருப்பிப் பார்ப்பார். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. நான் தங்கியிருந்த திங்கள் இரவு பத்தரை மணிக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் கொட்டிலில் இருந்து வெங்காயம் கட்டினார்கள். விடிந்தால் திரும்பவும் நாலரைக்கு இறைப்பு. கனடாவிலிருந்து மகள் அழைத்து, தோட்டத்தை விடுங்கோ, காசு அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா, "கிணத்திலை தண்ணி இருக்கு, கையிலையும் கொஞ்சம் சத்து இருக்கு, பிறகென்ன" என்றார்.

அவர்கள் எங்களிடம் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. செவ்வாய் வேண்டாம் என்று சொன்னது நான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விளக்கு வெளிச்சம்தான் கண்ணில் நின்றது. கொழும்புக்கு வந்ததும் கணவரோடு பேசி, அன்று மாலையே அழைத்துச் சொல்லிவிட்டோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப திங்கக்கிழமை கோயிலுக்குப் போகலாம்" என்றார்.

செவ்வாய்க் கூடையை வேறு இடத்துச் சரக்கால் நிரப்பலாமே என்று கேட்பீர்கள். உருளைக்கிழங்கு, பம்பாய் வெங்காயம், கோவா வழக்கம்போல எல்லா நாளும் இருக்கும். அந்தத் தோட்டத்துப் பெயரில் வேறு ஊர் வெங்காயத்தை வைக்க மாட்டோம்.

சின்ன வெங்காயம் இனித் தாளோடு, அதாவது இலையோடு, பிடியாகவே வரும். அறுத்துக் கொட்டாமல் குசினியில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள், நாள்பட இருக்கும். பீற்றூட்டில் செம்மண் ஒட்டியிருந்தால் சமைக்கும்போது கழுவினால் போதும். முன்கூட்டியே கழுவி வைத்தால் சீக்கிரம் பழுதாகும். கார்த்திகை, மார்கழி மழையில் சில சனிக்கிழமைகள் லொறி வராமலும் போகலாம். முதல் நாளே கடை வாசலில் எழுதிவைப்போம்.

வேண்டிய அளவை வியாழன் மாலைக்குள் கடையில் சொல்லிவிடுங்கள். அன்றிரவே அம்மாவுக்கு அழைத்துச் சொல்வேன். அவ்வளவும்தான் பிடுங்குவார்.

அன்புடன்,
உங்கள் வெள்ளவத்தைக் கடைக்காரி