ஓர் இரவுக்கு மட்டும் ஏன் அறை தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஏப்ரல் முதல், கொடைக்கானலில் உள்ள எங்கள் விடுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கே அறை தருவதென முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு காலையில் கிளம்புகிறவர்களை இனி ஏற்க இயலாது. பல ஆண்டுகளாக எங்களிடம் வரும் ஒரு குடும்பத்தார் இதைக் கேள்விப்பட்டு, "காசு கொடுத்தாலும் இடம் இல்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். அந்தக் கேள்வி மனத்தைத் தைத்துவிட்டது. நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஏரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தானாக அமைந்த ஏரி என்றே விருந்தினர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச், இங்கிருந்த சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளை மறித்துத் தம் சொந்தச் செலவில் கரை போட்டார். தேங்கிய நீர் மலை மடிப்புகளுக்குள் விரல் விரலாகப் புகுந்து நட்சத்திர வடிவம் கொண்டது. பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். சுற்றி நடந்தால் 5 கிலோமீட்டர். சமவெளியில் ஓர் ஊர்க் கண்மாய்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். இந்தச் சின்ன ஏரி நிறைந்து வழிகிற நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏறி வரும்போது வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறீர்களே, அதே அருவி. ஏரிக்கரையில் நாம் கழுவி விடுவதெல்லாம் அங்கே போய்த்தான் விழும்.

ஊரும் அப்படியே, ஓய்வுக்கென்று உண்டாக்கப்பட்டது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பத்தினரைப் பறிகொடுத்து, குளிர்ந்த இடம் தேடி மலையேறி வந்தார்கள். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அதற்கு முன் இங்கே மனிதரே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. காட்டில் பளியர் என்னும் பழங்குடியினர் இருந்தார்கள். பூம்பாறையிலும் வில்பட்டியிலும் உழவு நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஏரியைச் சுற்றி அமைந்த இந்த ஊர் விருந்தாளிகளுக்காகவே பிறந்தது.

அந்த விருந்தாளிகள் வந்த விதத்தைக் கேளுங்கள். 1875-இல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறங்கி இரவெல்லாம் மாட்டு வண்டியில் மலையடிவாரத் தோப்புக்கு வர வேண்டும். விடிந்ததும் செண்பகனூர் வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆண்கள் நடந்தோ குதிரையிலோ ஏறினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தூக்கிய தோள்கள் நம் மக்களுடையவை. அந்தத் தோள்கள் பட்ட பாட்டை அழகான பழங்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்: அவ்வளவு சிரமப்பட்டு ஏறியவர்கள் மறுநாளே இறங்கிவிடவில்லை. ஒரு கோடை முழுவதும் தங்கினார்கள். 1901-இல் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமே தொடங்கினார்கள்; இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். கார் ஏறும் சாலை 1914வாக்கில்தான் வந்தது.

இப்போது சனிக்கிழமை காலையில், ஊருக்குள் நுழையும் வழியிலுள்ள மூஞ்சிக்கல்லில் நின்று பாருங்கள். வேன்கள் ஏழு ரோடு சந்திப்பு வரை ஊர்ந்து வருகின்றன. குழந்தைகள் வண்டிக்குள்ளேயே தூங்கிப் போகிறார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. சுற்றுலாவையே நம்பிப் பிழைக்கும் எங்களில் பலர் அப்போது வருந்தினோம். இன்று நான் அது தேவை என்றே சொல்வேன்.

எங்களுக்கு உண்மையான நெருக்கடி தண்ணீர். ஊருக்குக் குடிநீர் தரும் மனோரஞ்சிதம் நீர்த்தேக்கம் கோடையில் இறங்கிவிட்டால் பல நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் நீர் வரும். மிச்சத்துக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அது எங்கோ ஒரு தோட்டத்துக் கிணற்றின் நீர். பூண்டுக்கும் கேரட்டுக்கும் பாய வேண்டியது. ஆறு அறைகளிலும் தினம் ஆள் மாறினால், தினம் ஆறு அறைகளின் விரிப்பும் போர்வை உறையும் துண்டும் துவைக்க வேண்டும். தரை, குளியலறை எல்லாம் கழுவ வேண்டும். அதே ஆறு குடும்பங்கள் இரண்டு மூன்று இரவு தங்கினால் இந்தச் செலவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சென்ற மே மாதம் எண்ணிப் பார்த்தபோதுதான் இது எனக்கே உறைத்தது. இன்னும் நான்கு அறை கட்டச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: அறை கட்டலாம், அதற்கு நீர் எங்கே?

உங்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. ஓர் இரவில் நீங்கள் பார்த்துவிட்டுப் போவது பெரும்பாலும் பனிமூட்டத்தைத்தான். மலை விளிம்பையொட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் முன்னால் நிற்பவர்கூடத் தெரிய மாட்டார். மறுநாள் அதிகாலையில் அதே இடத்துக்கு வந்தால் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். வானாய்வுக் கூடத்துக்கும் போய் வாருங்கள். 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். இரண்டாம் நாள் பஸ் ஏறிப் பூம்பாறைக்குப் போனால் படிப்படியான பூண்டு வயல்களையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் நிதானமாகப் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவித்தவரிடமே வாங்கி வரலாம்.

இரண்டாவது இரவின் வாடகையில் கால் பங்கைக் குறைத்திருக்கிறோம். இது எங்களுக்கு லேசான முடிவு அன்று. சனிக்கிழமைக் கூட்டம்தான் இதுவரை எங்கள் வருமானத்தின் முதுகெலும்பு. மருத்துவமனைக்கோ பள்ளித் தேர்வுக்கோ வருகிறவர்கள், கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஆகியோருக்கு இந்த விதி கிடையாது. எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம். அறைகளில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் இனி இராது. காய்ச்சி ஆறவைத்த நீர் செம்புக் கூஜாவில் இருக்கும். வழிக்கு உங்கள் பாட்டிலிலும் நிரப்பித் தருவோம். சொந்த வண்டியில் வருகிறவர்கள் கிளம்பும் முன்பே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை.

ஏற்கெனவே ஓர் இரவுக்கு முன்பணம் கட்டியவர்களின் பதிவு அப்படியே நிற்கும். இன்னோர் இரவைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் மார்ச் மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். அறையை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறோம். முழுக்கைக் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம், மே மாதமானாலும் இரவில் குளிரும்.

அன்புடன்,
விடுதிப் பொறுப்பாளர்,
கொடைக்கானல்