கட்டுப் பிரித்த கை

குலசேகரம்

அன்புள்ள தாசுக்கு,

ஓணத்துக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, வலது கை இத்தனை நாள் என் வசத்தில் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். வின்சென்ட் அந்தச் சைக்கிளை இன்னும் விற்கவில்லை.

உன் தம்பிக்கும் கையில் மாவுக்கட்டு என்று நேற்று மார்த்தாண்டம் சந்தையில் உன் மாமா சொன்னார். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஆறு வாரம் கட்டு. பிரித்தபோது வெளியே வந்தது என் கையே இல்லை. தோல் வெளிறிச் செதில் செதிலாக உரிந்தது. மேற்கை வற்றிப்போய், இடது கையைவிட இரண்டு சென்டிமீட்டர் சுற்றளவு குறைவு. ரப்பர் வெட்டப் போனால் கத்தி பட்டையில் நேராக இறங்கவில்லை. இருபது வருடம் பால் வெட்டிய கை, தாசு!

அக்காள் மகள் பிசியோதெரபி படிக்கிறாள் அல்லவா, அவள்தான் ஈ.எம்.ஜி. கருவியில் அளந்து பார்த்தாள். தசை வேலை செய்யும்போது அதில் எழும் மின்சாரத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி அது. ரோமத்தை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தசை ஓடும் வாக்கில் இரண்டு வில்லைகளை ஒட்டினாள். முதலில் ஒவ்வொரு கையாலும் முழு பலத்தோடு இழுக்கச் சொன்னாள். அந்த உச்சத்தை நூறு என்று வைத்தால்தான் மற்றதை ஒப்பிட முடியுமாம். பிறகு மூன்று கிலோ டம்பெல். இடது கையில் கோடு லேசாக நடுங்கியது. வலது கையில் திரை முழுக்க எகிறியது. எனக்கு ஒரே சந்தோஷம், சதை சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று.

"இல்லை மாமா, நலிந்த தசை அதே எடையைத் தூக்கத் தன் இழைகளில் பெரும்பகுதியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோடு உயர்ந்தால் சதை வளரும் என்று பொருள் இல்லை" என்றாள். நல்ல கையால் அதே டம்பெல்லைக் களைக்கும்வரை தூக்கவைத்தாள். அதிலும் கோடு மெல்ல ஏறியது. வளர்ச்சியை அறிய டேப்பும் ஸ்கேனும்தான் வேண்டும். வளர்க்க வாரக்கணக்கில் பாரமும் நல்ல சாப்பாடும்.

நான்கு வாரத்தில் மூன்று கிலோ தூக்கிய கை ஐந்து கிலோ தூக்கியது. டேப்பில் அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை! நரம்பு முதலில் கற்றுக்கொள்கிறது, சதை பின்னால் வருகிறது. 1979இல் மொரிட்டானி, டிவிரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கும் தசைகளில் இதே முறையில் அளந்து கண்டதும் இதுதான். அவர்கள் ஒரு கைக்கு மட்டும் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியிருந்தது, பருமன் கூடாமலே.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டோடு இருந்த ஆறு வாரமும் இடது கையையும் சும்மாதான் போட்டிருந்தேன். கட்டுப் போட்ட இடத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பிக்கு அப்படி ஆகக் கூடாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நல்ல கையால் அவன் இப்போதே பாரம் தூக்கத் தொடங்கட்டும். கட்டுக்குள் இருக்கும் கை பலம் இழப்பது அதனால் குறையும். ஞாயிற்றுக்கிழமை நானே அவனைப் பார்க்கப் போகிறேன். உன் பழைய இரும்பு டம்பெல் பரணில்தான் கிடக்கும். எடுத்து வைக்கும்படி அம்மாவுக்குப் போன் செய்துவிடு.

அன்புடன்,
செல்வன்