குனியாமல் பந்தெடுக்க வழி செய்தவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் முதுகுக்கு நேர்ந்ததும், அதன்பின் எங்கள் வீடு பட்ட பாடும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நீங்கள் அனைவரும் அறிந்தவையே. நம் தோட்டத்து ஒன்பது குழி கோல்ஃப் திடலில் சென்ற ஞாயிறன்று மீண்டும் முழு ஆட்டம் ஆடி முடித்த மகிழ்ச்சி தணிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இரத்தம் கொடுத்த தாமான் இளைஞர்களுக்கும், நேரம் பாராமல் ஈப்போவுக்குக் காரோட்டிய கிராணியாருக்கும், கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கும், மளிகைக் கணக்கைப் பற்றி வாயே திறக்காத சீனக் கடைக்காரருக்கும் என் குடும்பத்தின் நன்றி உரியது.

ஆயினும் நம் திடலில் புல் வெட்டும் பெரியவரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். சிறுவயதில் துரைமார்களுக்குக் கேடியாக, அதாவது மட்டைப் பை சுமப்பவராக, ஓடிய அவர், கேண்டீன் வாசலில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் அருகே வந்து, "முழுசா வீசக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு? உருட்டக் கூடாதுன்னு சொல்லலையே, தம்பி" என்றார். மறுநாள் பயிற்சி கிரீனின் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) நிழல் விழும் ஓரத்தில் எனக்கென்று ஒரு குழி வெட்டியிருந்தார். பந்தை உருட்டும் மட்டையான என் பட்டரை வாங்கிப் போய், அதன் கைப்பிடி நுனியில் பந்தைக் கவ்விக்கொள்ளும் சிறிய ரப்பர் குப்பி ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தார். குனிய முடியாதவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குனிய முடியாதவர்களே அறிவார்கள்.

குழியிலிருந்து மூன்றடி தள்ளி, பட்டரின் தலை மட்டும் நுழையும் அகலத்தில் இரண்டு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளைகள்) ஊன்றி, அவற்றில் இடிக்காமல் பந்தைத் தட்டச் சொன்னார். அது பழகிய பிறகுதான் தூரத்துப் புட்டுகளுக்கு (பட்டரால் உருட்டும் தட்டுகளுக்கு) அனுமதி கிடைத்தது. அவற்றிலும் குழியை மறந்து, பந்து நிற்கும் தூரத்தை மட்டும் கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ஒருநாள் குழியின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார்: ஒரு பக்கம் கத்தியால் அறுத்தாற்போல் சுத்தமாகவும், எதிர்ப்பக்கம் நைந்து பழுப்பேறியும் இருந்தது. நைந்த பக்கத்தை நோக்கியே புல் சாய்ந்து வளர்கிறது என்றும், அத்திசையில் உருளும் பந்து விரைந்து ஓடும் என்றும் விளக்கினார். பளபளப்பாகத் தெரியும் புல்லில் மெல்லத் தட்ட வேண்டும், கருத்துத் தெரிந்தால் சற்று அழுத்த வேண்டும் என்பதும் அவரிடம் கற்றதே.

பார் 72 கொண்ட, அதாவது 72 தட்டுகளில் முடிக்க எதிர்பார்க்கும், ஆட்டத்தின் கணக்கிலேயே 36 தட்டுகள் புட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் நம்மில் பெரும்பாலோர் பயிற்சிக் கூடை தீரும்வரை தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையையே வீசிவிட்டு வீடு திரும்புகிறோம். (விலையுயர்ந்த டிரைவர் வாங்கினால் ஹேண்டிகேப், அதாவது பாருக்கு மேல் ஆகும் தட்டுகளின் கணக்கு, குறையும் என்று நம்பும் நண்பர்கள் என்னை மன்னிக்கட்டும்.) மருத்துவர் அரை வீச்சுக்கு இசைந்ததும், கிரீன் ஓரத்தில் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை எடுக்கவிடாமல் எட்டாம் எண் இரும்பு மட்டையைக் கையில் தந்தார் பெரியவர். நம் திடலின் அகல இலைப் புல்லில் பந்து அமிழ்ந்து கிடப்பதால் வெட்ஜ் மண்ணைத் தோண்டிவிடும். எட்டாம் எண் இரும்போ பந்தைச் சிறிதே தூக்கி, மீதித் தூரத்தை உருள விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கைகொடுத்தவை இவைதாம். என் வீச்சில் பழைய தூரம் இல்லை. ஆனால் மூன்று புட்டுகள் தேவைப்பட்ட குழி ஒன்றுகூட இல்லை.

பணம் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆகவே இனிச் சனிக்கிழமை மாலைகளில் லயத்துப் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்லித்தர முடிவுசெய்து, என் பழைய மட்டைகளை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறேன். டிரைவரைப் பிள்ளைகள் கண்ணில் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் ஆட்டத் தோழன்