சித்தப்பா பணம் கட்டுவதற்கு முன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். சம்பா நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது என்று அம்மா சொன்னாள். வடிகாலை இந்த வருடமாவது தூர் வாரினார்களா, இல்லை வழக்கம் போலத்தானா?

சித்தப்பா மகன், நம் தம்பி, இங்கே முதுகலை படிக்க வருவது பற்றித்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு அப்படியே சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் “ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்குவார்மா” என்று பேச்சை முடித்துவிடுகிறார். எழுத்தில் இருந்தால் தம்பியாவது நாலு முறை படிப்பான்.

ஆஃபர் லெட்டரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும், பாடம் நடக்கும் இடமாக வேறு ஒரு கல்லூரியின் பெயரும் இருக்கிறதே, இது ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். இல்லை அப்பா. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பட்டம் தருவது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம்தானே? இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். பார்ட்னர் காலேஜ் என்கிறார்கள். பட்டம் பல்கலைக்கழகத்துடையது. கட்டடம், வாத்தியார், வகுப்பு எல்லாம் கல்லூரியுடையது. நான் படித்ததும் இந்த ஏற்பாட்டில்தான். என் பல்கலைக்கழகம் ரயிலில் போக வேண்டிய வேறு ஊரில் இருக்கிறது. நான் படித்த கல்லூரி லண்டனில், கீழே கடைகள், மாடியில் வகுப்பறைகள். புல்வெளியும் மணிக்கூண்டும் விளம்பரப் புத்தகத்தோடு சரி. அதை நினைத்துக்கொண்டு வந்தால் தம்பிக்கு முதல் நாளே முகம் தொங்கிவிடும். ஆனால் வகுப்பு சின்னது, வாத்தியாருக்கு எல்லார் பெயரும் தெரியும். எனக்கு அது புல்வெளியை விடப் பெரிதாகப் பட்டது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை ஆகிவிடுகிறோம். எதற்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். கால அட்டவணை, வருகைப் பதிவு, வகுப்பு நடத்தும் விதம், கட்டணத் தவணை எல்லாம் பெரும்பாலும் கல்லூரியின் வேலை. மதிப்பெண்ணை உறுதி செய்வது, மறுதேர்வு, பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் வேலை. கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் முதலில் மதகு திறக்கிற லஸ்கரைத்தானே தேடிப் போவீர்கள், மேட்டூருக்கு பஸ் ஏற மாட்டீர்களே. குறை சொல்வதும் இங்கே அந்த வரிசையில்தான். முதலில் கல்லூரி, அங்கே முடியவில்லை என்றால் பல்கலைக்கழகம். அங்கேயும் தீராவிட்டால், ‘எங்கள் விசாரணை முடிந்துவிட்டது’ என்று அவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற தனி அமைப்பிடம் போகலாம். இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்காக இருக்கிறது, காசு வாங்குவதில்லை. ஆனால் “எனக்கு 58 போட்டது குறைச்சல், 65 போட்டிருக்க வேண்டும்” என்று சண்டை போட அங்கே இடமில்லை. விடைத்தாளை எடை போடுவது ஆசிரியரின் தீர்ப்பு. விதிப்படி நடந்தார்களா என்பதைத்தான் கேட்கலாம்.

மதிப்பெண் பற்றி இன்னொன்று. கல்லூரி வாத்தியார் திருத்திக் கொடுத்ததும் அது முடிந்துபோன கணக்கு இல்லை. பல்கலைக்கழகம் சில தாள்களை எடுத்துச் சரிபார்க்கும், வெளியிலிருந்து வேறொரு தேர்வாளர் பார்ப்பார், கடைசியில் தேர்வுக் குழு கூடி உறுதி செய்யும். அதுவரை எல்லாமே தற்காலிகம்தான். என்னோடு படித்த மன்னார்குடிப் பெண் ஒருத்தி, முதலில் வந்த மதிப்பெண்ணை நம்பி வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லிவிட்டாள். குழு கூடிய பிறகு இரண்டு குறைந்தது. நல்லவேளை, தேறிவிட்டாள்.

ஈமெயில் விஷயத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரி ஒரு முகவரி கொடுக்கும், பல்கலைக்கழகம் இன்னொன்று கொடுக்கும். தினம் வகுப்புக்குப் போகிறவர்கள் கல்லூரி முகவரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள், மறுதேர்வுத் தேதி, பட்டமளிப்பு விழா அழைப்பு எல்லாம் வந்து விழுவது மற்றதில். வந்த முதல் வாரமே இரண்டையும் போனில் ஏற்றிவிடட்டும். பல்கலைக்கழக நூலகத்தின் மின்னூல்களும் ஆய்விதழ்களும் அந்த லாகின் இருந்தால்தான் திறக்கும். கல்லூரி நூலகம் என்பது பல இடங்களில் நாலு அலமாரி. அதை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது.

படிப்பு எப்படி என்று தம்பி கேட்டான். முதுகலை 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. 20 கிரெடிட் பாடம் என்றால் 200 மணி நேரம், அதில் வகுப்பு கொஞ்சம்தான், மீதி அவனாகப் படிக்க வேண்டியது. வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்பு என்று ஏஜென்ட் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மீதி நாள் ஓய்வு என்று அர்த்தமில்லை. முதுகலைக்குப் பெரும்பாலும் 50 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வொரு பாடத்திலும் தேற வேண்டும். நம் குடந்தைக் கல்லூரியில் ராமானுஜனுக்கே கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை என்று உதவித்தொகையை நிறுத்தினார்கள். இவன் அக்கவுண்ட்ஸில் புலி என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தால் போதாது.

கட்டுரை எழுதித் தருகிறேன் என்று காசு கேட்டு வாட்ஸப்பில் ஆட்கள் வருவார்கள், தமிழிலேயே பேசுவார்கள். இங்கிலாந்தில் அந்த வியாபாரம் 2022 சட்டப்படி குற்றம். அப்படி வாங்கித் தான் எழுதியதாகக் கொடுத்த மாணவன் சிக்கினால் படிப்பே போகும். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் கால அவகாசம் கேட்க முறை இருக்கிறது. கடைசித் தேதிக்கு முன்பே, ஆதாரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் யாருடைய படிவம், கல்லூரியுடையதா பல்கலைக்கழகத்துடையதா என்று சேர்ந்த உடனே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அவசரம் வந்த பிறகு தேடக்கூடாது.

இப்போது பணம், விசா. விசாவுக்குக் காஸ் என்று ஓர் எண் வேண்டும். அதைத் தருவது பல்கலைக்கழகமா கல்லூரியா என்பது முக்கியம். யார் தருகிறார்களோ அவர்கள்தான் ஸ்பான்சர். வகுப்புக்கு வராவிட்டால் அரசுக்குத் தெரிவிப்பவரும் அவர்தான். பிடிக்கவில்லை என்று வேறு ஸ்பான்சருக்கு மாறினால் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பான்சர்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. தம்பி தானே தேடிப் பார்க்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு நேராக ஒரு மெயில் போட்டு, இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு உங்களுடையதுதானா, நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் எங்களை என்ன செய்வீர்கள் என்றும் கேட்கட்டும். இங்கிலாந்தில் அதற்கு ஒரு மாணவர் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். தம்பியின் பெயரிலோ சித்தப்பா, சித்தி பெயரிலோ இருக்கலாம். பெரியப்பா என்ற முறையில் நீங்கள் உங்கள் கணக்கைக் காட்டுவதாகச் சொன்னீர்களாமே, அது செல்லாது. வங்கிக் கல்விக் கடன் செல்லும். விசா கட்டணம் போக மருத்துவத்துக்காக வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஏஜென்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிவிட்டால் இங்கே டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசில்லை.

வேலை செய்து கட்டணத்தைச் சமாளித்துவிடலாம் என்பதை நம்பாதீர்கள். பட்டப்படிப்பு விசாவில் பொதுவாகப் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. முதுகலைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடை மாதங்கள் விடுமுறை ஆகாது, அப்போதும் அதே 20 தான். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலை சொந்தத் தொழில் கணக்கில் வரும், மாணவர் செய்யக் கூடாது. செய்கிறார்கள், நானும் பார்க்கிறேன். மாட்டிக்கொண்டால் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள். படித்து முடித்த பின் இரண்டு வருடம் இங்கே இருக்கலாம் என்று ஏஜென்டின் நோட்டீஸில் போட்டிருக்கிறதாம். 2027 ஜனவரி 1 முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கிற முதுகலைக்காரர்களுக்கு 18 மாதம்தான். வருகிற செப்டம்பரில் சேரும் தம்பி அந்தக் கணக்கில்தான் வருவான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. இவன் திரும்பி வந்து டிஆர்பி தேர்வு எழுதி கல்லூரி வாத்தியாராகப் போக வேண்டும் என்பது சித்தியின் ஆசை. யுஜிசி 2025இல் கொண்டுவந்த விதிகளில், ஃபிரான்சைஸ் ஏற்பாட்டில், அதாவது பல்கலைக்கழகத்தின் படிப்பை வேறொரு நிறுவனம் அதன் பெயரில் நடத்தும் ஏற்பாட்டில், பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு, நம் ஊர்ப் பட்டத்துக்குச் சமம் என்கிற இணைச் சான்று கிடையாது. பார்ட்னர் காலேஜ்களில் எல்லா வகையும் உண்டு. இவனுடையது எந்த வகை என்று பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். தனியார் வேலைக்கு, இல்லை இங்கேயே இருக்கப் பார்ப்பதற்கு என்றால் அவ்வளவு பொருட்டில்லை. அரசு வேலைதான் குறி என்றால் எனக்குத் தெரிந்து இது அவனுக்கான வழி இல்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும், ஆற்றங்கரை நிலத்தை அடமானம் வைத்த பிறகு வருவதை விட இப்போது வந்தால் நல்லது.

அவன் வருவதென்று முடிவானால் தங்க இடம் நான் பார்க்கிறேன். முன்பணத்தை வீட்டுக்காரர் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும், ரசீதில்லாமல் யாருக்கும் அங்கிருந்தே அனுப்பிவிட வேண்டாம். முழுநேர மாணவர்களாகவே இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கிடையாது, அதற்கான சான்றைக் கல்லூரியில் கேட்டு வாங்க வேண்டும். அரிசி, பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் என் தெருவிலேயே கிடைக்கிறது. அம்மா இடிக்கும் மிளகாய்த்தூள் மட்டும் கொடுத்து விடுங்கள். இரண்டு கிலோ, எனக்கும் சேர்த்து.

அக்டோபர் கடைசி ஞாயிறோடு இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிட்டார்கள். வழக்கமான நேரத்தில் நான் பேசினால் உங்களுக்கு இனி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் மணி அடிக்கும். தூங்கிவிடாதீர்கள். சித்தப்பாவையும் அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஆஃபர் லெட்டர் கையில் இருக்கட்டும்.

உங்கள் மகள்