பழைய லைஃப்போட் வாங்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். பிரிட்டன்ல ஆர்.என்.எல்.ஐ.ங்குற தொண்டு நிறுவனம்தான் கடல்ல ஆபத்துல மாட்டினவங்களக் காப்பாத்துற லைஃப்போட்டுகள நடத்துது. அதோட சர்வீஸ்ல இருந்து ரிட்டையர் ஆன மர லைஃப்போட்டுகள விலைக்கு வாங்கி, வீடாவோ யாட்டாவோ (உல்லாசப் படகாவோ) மாத்திக்கிட்டிருக்கிற உங்க எல்லாருக்கும்தான் இந்த மடல். மாத்தாதீங்கன்னு சொல்ல வரல, நீங்க வாங்கலன்னா அதுல பாதி எப்பவோ விறகாயிருக்கும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அது எந்த ஊர் படகு, யாரைக் காப்பாத்துச்சுன்னு விசாரிச்சு எழுதி வெச்சுட்டு அப்புறமா கழட்டுங்க.

ஏன் இவ்ளோ வேகமா எழுதுறேன்னா, ஒரு படகுப் பட்டறையில ஒருத்தர் கேபினுக்கு இடம் பத்தலன்னு டெக்குக்கு அடியில இருந்த காத்துப் பெட்டிகள எல்லாம் பிடுங்கி அடுப்புக்குன்னு அடுக்கி வெச்சிருந்தாரு, பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒண்ணக் கையில எடுத்துப் பாத்தேன். மெல்லிசுப் பலகை, மேல பருத்தித் துணி ஒட்டி பெயின்ட் அடிச்சிருக்கு, ஒரு பக்கம் சாய்வு, ஏன்னா படகோட வளைவுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியா அளவெடுத்து செஞ்சிருக்காங்க, மூலையில பென்சில்ல ஒரு நம்பர். படகுக்குள்ள தண்ணி புகுந்தாலும் முழுகாம தாங்கினது இந்தப் பெட்டிங்கதான். ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

இங்கிலாந்தோட கிழக்குக் கரையில சவுத்வோல்டுங்குற ஊர்ல இருக்கிற 'ஆல்ஃப்ரெட் கோரி'ங்குற லைஃப்போட்ட எடுத்துக்கங்க. 1893-ல கிரேட் யார்மவுத்துல கட்டினது, 44 அடி, பாயும் துடுப்பும்தான், இன்ஜின் கிடையாது. கவிழ்ந்தா தானா நிமிர்ற டைப்பும் இல்ல, அந்தக் கரைக்காரங்களுக்கு அந்த டைப் மேல நம்பிக்கை இல்லாததால அகலமா கனமா, கடல் தண்ணியவே உள்ள விட்டு பாரமா வெச்சுக்கிற மாதிரி செஞ்ச படகு. முதல் காக்ஸ்வைன், நம்ம கடற்கரையில தண்டல்னு சொல்லுவோமே அவரு, ஜான் கிராகி. 25 வருஷம் ஓடி 1918-ல ரிட்டையர் ஆகி, தனியார் கைக்குப் போய் யாட்டாச்சு, பேரு 'ஆல்பா'ன்னு மாறி அப்புறம் 'தார்ஃபின்'னு மாறி கடைசில ஹவுஸ்போட்டா கிடந்துச்சு. 1970-கள்ல அதைத் தேடிப் பிடிச்சு வாங்கினது யாரு தெரியுமா, அதே ஜான் கிராகியோட கொள்ளுப்பேரன்! இன்னைக்கு அது சவுத்வோல்டு துறைமுகத்துல ஒரு ஷெட்டுக்குள்ள மியூசியமா நிக்குது. அந்த ஷெட்டே அதே கிழக்குக் கரையில இருக்கிற குரோமர் ஊர்ல, கடலுக்குள்ள நீளுற பியர் முனையில 1923-ல கட்டின லைஃப்போட் ஹவுஸ், புதுசு கட்டினப்போ பழசப் பெயர்த்து இங்க கொண்டுவந்துட்டாங்க. குரோமரோட பேர்போன காக்ஸ்வைன் ஹென்றி பிளாக் 1935-லருந்து ஓட்டின 'ஹெச். எஃப். பெய்லி' லைஃப்போட் நின்ன இடம் அது. எத்தன தடவ நெனச்சாலும் எனக்கு சிலிர்க்குது.

பேரு ரெண்டு தடவ மாறியும் கோரி எந்தப் படகுங்குற அடையாளம் எங்கயோ ஒட்டிக்கிட்டிருந்ததாலதான் அந்தக் கொள்ளுப்பேரனால அதைக் கண்டுபிடிக்க முடிஞ்சுது. இப்படிப் பேரு மாறினது கோரி மட்டும் இல்ல. ராம்ஸ்கேட் ஊரோட லைஃப்போட் 'ப்ருடென்ஷியல்' 1940-ல, போர்ல சிக்கின சிப்பாய்கள மீட்க பிரான்ஸ்ல இருக்கிற டன்கிர்க்குக்கே போய், ஆயிரக்கணக்கானவங்களக் கரையிலருந்து கப்பல்களுக்கு ஏத்திவிட்ட படகு, அதுவும் வித்தப்புறம் பேரு மாறி 'ட்ரிமிலியா' ஆயிடுச்சு.

ஆர்.என்.எல்.ஐ. பேரையும் கொடியையும் எடுத்துடணும், அது சரிதான், இன்னும் சர்வீஸ்ல இருக்கிற லைஃப்போட்டுன்னு யாரும் நம்பிடக் கூடாது. ஆனா படகோட பழைய பேரையும் ஓ.என். நம்பரையும் (ஆர்.என்.எல்.ஐ. ஒவ்வொரு படகுக்கும் குடுத்த அதிகாரபூர்வ நம்பர், கோரிக்கு 353, அந்த பெய்லிக்கு 777) உள்ள ஒரு பலகையிலயாவது எழுதி வைங்க. காத்துப் பெட்டிய எடுக்குறதா இருந்தா இடத்தோட போட்டோ எடுத்துட்டு எடுங்க, அஞ்சாறையாவது ஒரு மூலையில போட்டு வைங்க, அடுத்த ஓனருக்கு உதவும். அப்புறம் அந்தப் படகு நின்ன ஊர் லைஃப்போட் ஸ்டேஷனுக்கு, உங்க படகு இப்ப எங்கிட்டதான் இருக்குன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. அதுல துடுப்பு போட்டவங்க வீட்டுப் பிள்ளைங்க இன்னும் அங்கதான் இருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு காத்துப் பெட்டிய வீட்டுல வெச்சிருக்கிறவன்